ஒரே பிழையை மூன்று இடத்தில் திருத்தினேன்

கிளிநொச்சியில் ஒரு நெல் கொள்வனவு நிலையத்துக்கு எழுதிய மென்பொருளை அப்படியே நகலெடுத்து மாங்குளத்திலும் முள்ளியவளையிலும் கொடுத்திருந்தேன். நெல்லின் ஈரத்துக்காக எடையில் கழிக்கும் ஈரப்பதக் கழிவுக் கணக்கில் ஒரு பிழை; மூன்றிலும் திருத்த வேண்டியதாயிற்று.

மூன்று நிலையங்களும் பகிரும் ஒரே பொது நிரல்கூறாக்கப் புறப்பட்டவன், உழுந்துக்கும் நிலக்கடலைக்கும் சேர்த்தே எழுதினேன். பேராசைதான், எழுதிய எனக்கே விளங்கவில்லை. நெல்லோடு நின்றுகொண்டேன்.

நிலையத்துக்கு நிலையம் உண்மையில் மாறுவது எது என்று தராசடியில் ஒரு நாள் நின்று பார்த்தேன். 18 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 14 சதவீத ஈரத்துக்குக் கணக்கிட்டால் 953.5 கிலோ, ஒரு நிலைய முதலாளியோ நேரே 4 சதவீதம் கழித்து 960 என்கிறார். இப்போது எடையும் பற்றுச்சீட்டும் ஒரே கூறு. கழிவு விதி மட்டும் வெளியிலிருந்து வருகிறது. சிறுபோகத்தில் அவர் விதியை மாற்றியபோது ஒரே ஒரு கோப்பைத்தான் தொட்டேன்.