கோடையில் ஈத் தொல்லை: வீட்டிலும் விளையிலும் ஈயைக் குறைக்கும் வழி

சக்கை (பலாப்பழம்) பழுத்து மணக்கத் தொடங்கி, கோடை மழையும் இரண்டு முறை கொட்டிவிட்டால், குமரி மாவட்டத்தில் ஈ வந்து உட்காராத அடுக்களை இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் சித்திரை வெயில் குப்பையைச் சருகாகக் காய வைத்துவிடும். நமக்குக் காலையில் வெயில், மாலையில் இடியோடு மழை. சூடும் ஈரமும் சேர்ந்து நிற்கும் இந்த மாதங்களில் ஈ மளமளவென்று பெருகுகிறது.

கருங்கலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பின்னால் தென்னை, வாழை, பலா நிற்கும் சிறிய விளை. ஒரு பசு, ஏழெட்டுக் கோழிகள். பல கோடைகள் மருந்தடித்துப் பார்த்தோம். அடித்த அன்று ஈ இராது. நான்காம் நாள் பழையபடி மொய்க்கும். ஈ எங்கே பிறக்கிறது என்று தேட ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டில் நிலைமை மாறியது. அந்தத் தேடலைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு மண்வெட்டி, இறுக்கமான மூடியுள்ள இரண்டு வாளி, ஒரு தார்ப்பாய் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

வீட்டு ஈ ஒரே தடவையில் நூறு முட்டை, அதற்கு மேலும்கூட இடும். வாழ்நாளில் பல தடவை இடும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடுகிறது. வெள்ளைப் புழு நாலைந்து நாள் ஈரக் கழிவைத் தின்று வளர்கிறது. பிறகு காய்ந்த ஓரமாகப் பார்த்து ஊர்ந்துபோய், செம்பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாக அடங்குகிறது. இன்னும் சில நாளில் ஈயாக வெளியே வருகிறது. ஆக, முட்டையிலிருந்து ஈ வரை ஏழு முதல் பத்து நாள். வாரத்துக்கு இரண்டு முறை ஈரக் கழிவை அப்புறப்படுத்தினால் அங்கே இருக்கும் புழு ஈயாகும் வரை பிழைக்காது. எங்கள் வீட்டில் புதனும் சனியும் அதற்கான நாட்கள்.

படி 1: எந்த ஈ என்று பாருங்கள்

எல்லா ஈயும் ஒன்றல்ல. பிறக்கும் இடமும் வேறு. சாம்பல் நிறத்தில் முதுகில் கோடுகளோடு இருப்பது வீட்டு ஈ. சாணம், கோழி எச்சம், அழுகிய அடுக்களைக் கழிவு ஆகியவை அதன் பிறப்பிடம். பச்சையாகவோ நீலமாகவோ மின்னும் பருத்த ஈ மீன், இறைச்சிக் கழிவில் பிறப்பது. அது திடீரென்று வீட்டுக்குள் நிறைய வந்தால் மச்சில் எலி செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். மட்டி வாழைக் குலையைச் சுற்றிப் பறக்கும், கடுகளவே உள்ள சிவந்த கண் ஈ கனிந்த பழத்தைத் தேடி வருவது. குளியலறைச் சுவரில் ரோமம் போர்த்ததுபோல் அசையாமல் ஒட்டியிருக்கும் சிறு ஈ, கழிவுநீர்க் குழாயின் உள்சுவரில் படிந்த கசட்டில் வளர்வது.

அன்றே இன்னொரு வேலையும் செய்யுங்கள். அஞ்சலட்டை அளவில் ஒரு வெள்ளை அட்டையை, ஈ அதிகம் உட்காரும் இடத்தில் ஒரு வாரம் தொங்க விடுங்கள். ஈ உட்காரும்போதெல்லாம் அதில் கரும்புள்ளி விழும். வாரக் கடைசியில் எண்ணி, தேதியோடு அட்டையின் பின்புறம் குறித்து வையுங்கள். இது பின்னால் தேவைப்படும்.

படி 2: பிறக்கும் இடத்தைத் தேடுங்கள்

காலை வெயில் ஏறும் முன் வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள். கையில் ஒரு குச்சி வேண்டும். பாத்திரம் கழுவும் இடத்தின் சேறு, கோழிக் கூட்டின் அடிப்பகுதி, சாணக் குழியின் ஓரம், சக்கை வெட்டிய இடம், வாழை மூட்டில் (அடியில்) கொட்டிய கழிவு என ஒவ்வொன்றையும் இரண்டு அங்குலம் கிளறிப் பாருங்கள். நெளியும் வெள்ளைப் புழுக்கள் தெரிந்தால் இடம் கிடைத்துவிட்டது. புழு இல்லாமல் ஓரத்து மண்ணில் சிறு விதைகள் போலச் செம்பழுப்பாக எதுவும் கிடந்தால் அவை கூட்டுப்புழுக்கள். அந்த மண்ணைக் கோழிக்குப் போடுங்கள். ஒன்று விடாமல் பொறுக்கித் தின்னும்.

உரக் குழியில் சில சமயம் தட்டையான, கெட்டித் தோலுள்ள, பழுப்பும் கறுப்புமான பெரிய புழுக்கள் இருக்கும். அவற்றைக் கொன்றுவிடாதீர்கள். வளர்ந்ததும் குளவியைப் போன்ற கறுப்பு ஈயாகும் அந்தப் புழு, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். அந்தக் கறுப்பு ஈ சோற்றுத் தட்டைத் தேடி வருவதில்லை. அது பெருகிய குழியில் வீட்டு ஈ குறைவாகவே பிறக்கும்.

படி 3: மீன் கழிவு

நம் மாவட்டத்தில் ஈக்கு முதல் காரணம் இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. குளச்சலில் இருந்தோ முட்டத்தில் இருந்தோ வரும் மீன்கார அம்மாள் வாசலில் நின்று “மக்களே” என்று கூப்பிட்டால், சாளையோ நெத்திலியோ வாங்காமல் இருக்கப் போவதில்லை. அரைக் கிலோ சாளையின் தலையும் குடலும் ஒரு நாள் திறந்து கிடந்தால் நூற்றுக்கணக்கான புழுக்களுக்கு அது போதும்.

ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து, கழிவைப் போட்டு, மண்ணைத் தள்ளி மிதித்து இறுக்குங்கள். தளர்ந்த மண்ணாக இருந்தால் ஈ உள்ளிருந்து மேலே வந்துவிடும். முதல் ஆண்டு நான் அரை அடி மட்டும் தோண்டினேன். இரவில் நாய் கிளறி, காலையில் முற்றம் முழுவதும் மீன் குடல். அன்றிலிருந்து மண்ணுக்கு மேல் நான்கைந்து கதம்பைகளை (தேங்காய் மட்டைகளை) அடுக்கி, கல் ஏற்றி வைக்கிறேன். குழி எப்போதும் ஒரே இடத்தில் வேண்டாம். இன்று ஒரு தென்னை மூடு, அடுத்த முறை அடுத்த தென்னை என்று மாற்றிக்கொண்டே போங்கள். மீன் கழுவிய தண்ணீருக்கும் இதே முறைதான். தினமும் ஒரே வாழை மூட்டில் ஊற்றினால் அந்த இடம் சேறாகி நாறும்.

தோட்டம் உள்ளவர்கள் மீன் அமிலமாகவும் மாற்றிக்கொள்ளலாம். கழிவும் பொடித்த வெல்லமும் சம எடை. வாளியில் கலந்து இறுக்கமாக மூடி, நிழலில் 21 நாள் வைக்க வேண்டும். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வீதம் கலந்து செடிகளுக்குத் தெளிக்கலாம். மூடி சரியாக இல்லையென்றால் வாளியே ஈப்பண்ணையாகிவிடும். மூடியின்மேல் ஒரு துணியும் இறுக்கிக் கட்டுங்கள்.

படி 4: சாணமும் சக்கையும்

சாணத்தைக் குவியலாக வைக்காதீர்கள். தொழுவத்திலிருந்து அன்றன்று வாரி, வெயிலில் இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பினால் மாலைக்குள் மேற்புறம் காய்ந்துவிடும். காய்ந்ததில் ஈ முட்டையிடாது. மழை நாளில் குவித்துத்தான் ஆக வேண்டும் என்றால், தார்ப்பாயால் முழுக்க மூடி ஓரங்களில் கல் வையுங்கள். குவியலின் நடுவில் சூடு ஏறும். அந்தச் சூட்டைப் புழு தாங்காது. ஆனால் குளிர்ந்த ஓரங்களில் அது பிழைத்திருக்கும். அதனால் வாரம் ஒரு முறை ஓரத்தை வெட்டி நடுவில் போட்டு மூடுங்கள். உரக் குழிக்கும் இதுவே வழி. அங்கே ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு சேர்த்தால் நாற்றமும் அடங்கும். இடம் உள்ளவர்கள் சாண எரிவாயுக் கலன் அமைத்தால் தொல்லை அடியோடு தீரும். கன்னியாகுமரி விவேகானந்தா கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் உருவாக்கிய ‘சக்தி சுரபி’ எரிவாயுக் கலன் அடுக்களைக் கழிவிலேயே இயங்குகிறது.

சக்கை மடலைப் பசு விரும்பித் தின்னும். பசு இல்லாதவர்கள் அன்றே புதைத்துவிடுங்கள். மரத்தடியில் விழுந்து சிதைந்த சக்கையைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதைத் தினமும் பார்க்க வேண்டும்.

படி 5: வீட்டுக்குள்

ஈக்குக் கடிக்கத் தெரியாது. எச்சிலை உமிழ்ந்து உணவைக் கரைத்து உறிஞ்சுகிறது. சாணத்தில் உட்கார்ந்த அதே காலோடு குழந்தையின் பால் டம்ளரிலும் உட்காருகிறது. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் பரவ அது ஒரு வழி. அதனால் சமைத்ததை மூடுவதில் சலிப்புக் காட்டாதீர்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தால் ஈக்கும் அதுவே போதும். சாப்பிடும் இடத்தில் மின்விசிறி ஓடட்டும்; வேகக் காற்றில் ஈயால் நிதானமாகப் பறந்து இறங்க முடியாது.

பழக் குலைச் சிற்றீக்கு ஒரு டம்ளரில் இரண்டு விரல் உயரம் வினிகர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு வையுங்கள். குளியலறை ஈக்கு மருந்து வேண்டாம், குழாயின் உள்சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போகும்.

படி 6: பொறி

இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்துப் புனல்போல் உள்ளே செருகுங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு மீன் தலையும். உள்ளே போன ஈக்கு வெளியே வர வழி தெரியாது. இதை வாசலில் தொங்கவிடாதீர்கள். வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி விளைக்குள் இருக்கட்டும். வாசலில் வைத்தால் நாமே ஈயை விருந்துக்கு அழைத்ததாகும்.

வெல்லத் தண்ணீர் வைத்தாலும் ஈ விழும். ஆனால் அதில் தேனீயும் விழும் என்பதால் நான் வைப்பதில்லை. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. வழியாக 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பிய காலத்திலிருந்து, இந்தப் பக்கத்து எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே வருமானம். விளையில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள் என்று நான் மன்றாடுவதும் இதனால்தான். நம் வாழைப் பூவுக்கும் தென்னம் பாளைக்கும் வரும் தேனீ பக்கத்து வீட்டுப் பெட்டியிலிருந்து வருவது. தவிர, மருந்துக்கு ஈ விரைவில் பழகிவிடும், டி.டி.டி. பரவலாகப் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1946 வாக்கில், அதற்கு அசையாத வீட்டு ஈக்கள் சுவீடனில் தென்பட்டன.

மாமரம் இருந்தால்

செங்கவருக்கை மாம்பழத்தை அறுக்கும்போது உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. வீட்டு ஈக்குச் செய்தது எதுவும் இதற்குப் பயன்படாது. விழுந்த பழங்களைத் தினமும் பொறுக்கி, இறுக்கமாகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் வெயிலில் போட்டு வையுங்கள். பிறகு ஆழப் புதையுங்கள். புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாவதால், மரத்தடியைக் கொத்திவிட்டுக் கோழியை மேய விடுங்கள். வேளாண் கடையில் கிடைக்கும் மெத்தில் யூஜினால் பொறி ஆண் ஈக்களை இழுக்கும். வீட்டு மரத்துக்கு ஒன்றிரண்டு போதும். பாகல், புடலைப் பிஞ்சுகளுக்குக் காகித உறை போட்டுவிட்டால் ஈ குத்த முடியாது. அவற்றைத் தாக்கும் ஈ வேறு இனம் என்பதால் மெத்தில் யூஜினால் அங்கே எடுபடாது.

எத்தனை நாளில் தெரியும்?

முதல் வாரத்தில் குறையவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே பறப்பவை இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். மண்ணுக்குள் அடங்கிய கூட்டுப்புழுக்களும் ஈயாகிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் கழித்துப் புதிய வெள்ளை அட்டையைப் பழைய இடத்திலேயே ஒரு வாரம் தொங்கவிட்டுப் புள்ளிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால், எங்கோ ஓர் ஈரக் குவியல் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. குச்சியை எடுத்துக்கொண்டு இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். வேலிக்கு அப்பாலும் பாருங்கள், பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் சாணத்தைக் காய வைக்க வெயில் கிடைக்காது. அதற்குள் குழிக்கு மேல் ஓலைக் கூரை ஒன்றை இறக்கிக் கட்டிவிடுங்கள்.