அறுவைக்குப் பின் முயலின் வலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இளம் கால்நடை மருத்துவர் ஒருவர், கருப்பை அகற்றப்பட்ட முயலின் கேஸ் ஷீட்டில் "அமைதியாக இருக்கிறது, வலி இல்லை" என்று சென்ற வாரம் எழுதியிருந்தார். பணியில் சேர்ந்த புதிதில் நானும் இதே சொற்களை எழுதியவன் என்பதால், அந்த வரியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. கையைக் கழுவுவது, தையலைப் பார்ப்பது போன்றவற்றை எவரும் மறப்பதில்லை. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

அசையாமல் இருப்பதை நலம் என்று எண்ணுவது

முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர். நோவைக் காட்டிக்கொண்டால் வேட்டையாடும் விலங்கின் கண்ணில் முதலில் படும் என்பதால், ஆள் அருகே வந்ததும் அது உறைந்துவிடுகிறது. நாயைப் போல முனகுவதில்லை.

நான் பணியில் சேர்ந்த புதிதில் பெரம்பூரிலிருந்து வந்த இரண்டு கிலோ பெண் முயல், அறுவை முடிந்த மாலையில் கூண்டின் மூலையில் கால்களை ஒடுக்கி, கண்களைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. குனிந்து பார்த்த நான் "நலம்" என்று எழுதி, வலி மருந்து ஏதும் தராமல் வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை ஆட்டோவில் திரும்பி வந்தபோது, வைத்த கொத்தமல்லி வாடிக் கிடந்தது; தட்டில் நான்கே புழுக்கைகள், அவையும் மிளகளவுதான். வலியால் உண்பது நின்று, குடலசைவு மந்தமாகி, வயிற்றில் வாயு சேர்ந்து, அந்த வாயுவே வலியை மேலும் கூட்டியிருந்தது. மூன்றாம் நாள் அது இறந்தது. அந்த மூலையையும் பாதி மூடிய கண்களையும் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதே தவறு மீண்டும் நடக்கக் காணும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

கூண்டின் முன் நின்று பார்ப்பதால் பயனில்லை. கைப்பேசியை எதிரில் சாய்த்து வைத்து, பத்து நிமிடம் ஒளிப்பதிவு செய்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். வயிற்றைத் தரையோடு அழுத்துவது, உடல் திடீரெனத் துடிப்பது, நடக்கையில் தடுமாறுவது, பற்களை உரக்க நெரிப்பது ஆகிய எல்லாம் அதில் தெரியும். 2012இல் வெளியான முயல் முகச்சுளிப்பு அளவுகோல், கண் இறுக்கம், கன்னம் தட்டையாதல், மூக்கின் வடிவம், மீசை, காது என்னும் ஐந்தையும் 0 முதல் 2 வரை மதிப்பிடச் சொல்கிறது. மயக்கம் முழுதும் தெளிந்த பிறகே இதைப் பயன்படுத்த வேண்டும். அரைத்தூக்கத்தில் இருக்கும் முயலின் கண்ணும் சுருங்கியே தோன்றும்.

நாயின் அளவில் மருந்து தருவது

மெலாக்சிகாம் என்னும் வலி மருந்தை நாய்க்கு நாள்தோறும் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் தருகிறோம். முயலின் உடல் அதை விரைவாக வெளியேற்றுவதால், பொதுவாக 0.6 முதல் 1 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. நீர்ச்சத்து குறைந்த முயலுக்கும் சிறுநீரகம் பழுதான முயலுக்கும் இதைத் தருமுன் மருத்துவர் தீர யோசிக்க வேண்டும். வலி தொடங்கிய பிறகு துரத்துவதைவிட, கத்தி படுவதற்கு முன்பே வலி நிவாரணியைத் தொடங்குவது நல்லது.

அறுவைக்கு முன் பட்டினி போடுவது

வேண்டாம். மயக்கத்தில் வாந்தி வருமோ என்ற அச்சத்தில்தான் நாய்க்குப் பட்டினி போடுகிறோம்; முயலால் வாந்தி எடுக்க முடியாது.

நாய், பூனையின் அருகில் கூண்டு வைப்பது

கூடவே கூடாது.

சூட்டை மட்டும் பார்ப்பது

சென்னையின் மே மாதத்தில் வெப்பத்தாக்கு உண்மையான ஆபத்துதான். ஆனால் ஏசி ஓடும் அறுவை அறையிலிருந்து வெளிவரும் முயலுக்குக் குளிர்ச்சியே முதல் கவலை. இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. அதற்கும் கீழே இறங்கியிருந்தால், துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வையுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது வாய்மொழியாகச் சொல்லி விடுவது

அறுவை பார்த்த பதற்றத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் நினைவில் நிற்காது. எத்தனை புழுக்கை, என்ன அளவு, எப்போது புல் தின்றது என்று குறிக்க ஒரு தாள் கொடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், நள்ளிரவானாலும் அழைக்கும்படி அதன் தலைப்பிலேயே எழுதிக் கொடுங்கள்.