எச்எம்டி சாவி வாட்சை முதல்முறை பிரிப்பது எப்படி?

வாட்ச் ரிப்பேர் பழக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது எச்எம்டி ஜனதாதான். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் ஆரம்பித்த எச்எம்டி வாட்ச் தொழிற்சாலையின் தயாரிப்பு அது. அந்தத் தொழிற்சாலை இப்போது மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் 17 கல் (அச்சுகள் தேயாமல் சுழல வைக்கும் சிறு கற்கள்) வைத்த அந்தச் சாவி வாட்சுகள் பழைய கடைகளில் கிடைக்கின்றன. தேதிச் சக்கரம் இல்லாததால் பாகங்களும் குறைவு. ஓடுகிற வாட்சாகப் பார்த்து வாங்குங்கள். ஓடாததை வாங்கினால், கோளாறு பழையதா நம் கை பட்டு வந்ததா என்றே தெரியாது.

லென்ஸ், காந்தம் ஏறாத ட்வீசர், திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர்கள் வேண்டும்.

படி 1: பின்மூடியைத் திறந்து போட்டோ எடுங்கள்.

படி 2: சாவியை இறக்குங்கள், அதாவது சாவி கொடுத்து ஏறிய முறுக்கை வெளியே விடுங்கள். இதைத் தவறவிடவே கூடாது. வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கில் முறுக்கு இருக்கும்போது பேலட்டை (சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக நிறுத்தி விடும் கவை போன்ற பாகம்) கழற்றினால், சக்கரங்கள் தறிகெட்டுச் சுழன்று பல்லோ அச்சு முனையோ உடையலாம். சாவித் திருகை (வாட்சின் ஓரத்தில் சாவி கொடுக்கும் குமிழ்) விரலால் பிடித்து, சாவி கொடுக்கும் பக்கமாகச் சற்றே திருப்புங்கள். மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும் ராட்செட் சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுத்து நிற்கும் கிளிக் என்ற சிறு கொக்கியை ட்வீசரால் விலக்கிப் பிடியுங்கள். அப்புறம் பிடியை விடாமல், சாவித் திருகை மெதுவாகப் பின்னோக்கி வழுக்க விடுங்கள்.

படி 3: பேலன்ஸை (இங்கும் அங்கும் ஆடும் சக்கரம்) தாங்கும் காக் என்ற தகட்டின் திருகைக் கழற்றி, காக்கோடு தூக்குங்கள். சக்கரம் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்கம்பியில் தொங்கும். அதிக நேரம் தொங்க விடாமல், கவிழ்த்து வையுங்கள்.

படி 4: பேலட்டை லேசாகத் தள்ளிப் பாருங்கள். அது தானாக மறுபக்கம் துள்ளினால் முறுக்கு மிச்சம் இருக்கிறது, மறுபடி இறக்குங்கள். துள்ளாவிட்டால், அதைத் தாங்கும் தகட்டின் திருகைத் திறந்து கழற்றலாம். சுத்தம் செய்ய பேலட்டையும் பேலன்ஸையும் ஆல்கஹாலில் போடாதீர்கள். அவற்றின் கற்களை ஒட்டியிருக்கும் அரக்கு கரைந்துவிடும்.

முதல்முறை இவ்வளவு போதும். முள், டயல் பக்கம் போக வேண்டாம்.

படி 5: பேலட்டைத் திரும்ப வையுங்கள். அதன் தகட்டின் திருகை இறுக்குவதற்கு முன், பேலட்டை லேசாகத் தொட்டால் அசைகிறதா பாருங்கள். அசையவில்லை என்றால் அச்சு முனை துளையில் உட்காரவில்லை. அப்படியே இறுக்கினால் முறிந்துவிடும்.

படி 6: நாலைந்து சுற்று சாவி கொடுத்து, பேலன்ஸை இறக்குங்கள். அதன் அடியிலுள்ள சிறு கல், பேலட்டின் கவைக்குள் பொருந்த வேண்டும். பொருந்தினால் திருகு போடும் முன்பே சக்கரம் ஆடத் தொடங்கும். நொடிக்கு 5 டிக், மணிக்கு 18,000.