ஏற்காடு எஸ்டேட்டில் தங்கப் போகிறீர்களா?

ஏற்காட்டில் காபி எஸ்டேட் பங்களாவில் தங்க நல்ல காசு கொடுக்கிறோம். அதனால் பணம் கட்டும்முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "தோட்டத்துக்குள் நடக்க விடுவீர்களா, கூட்டிப்போய்க் காட்ட ஆள் உண்டா?" நீச்சல் குளம் சேலத்திலேயே கிடைக்கும். மேலே ஏறுவது தோட்டத்துக்காகத்தானே.

மாதமும் முக்கியம். மே மாதம் கோடை விழாக் கூட்டம். என்னைக் கேட்டால் டிசம்பர், ஜனவரிதான். பழம் பறிக்கும் நேரம். கேட்டுவிட்டு ஒரு சிவந்த பழத்தைப் பறித்து நசுக்குங்கள், வழுவழுவென்று இரண்டு கொட்டைகள் வெளியே வரும். தோலைச் சப்பினால் இனிக்கும். பிள்ளைகளுக்கு அதுவே போதும். மார்ச், ஏப்ரலில் நல்ல மழை பெய்து பத்து நாளில் போனால் செடி முழுக்க வெள்ளைப் பூ, மல்லிகை மாதிரி வாசம். அது மூன்று நாலு நாள்தான் நிற்கும், அதனால் எஸ்டேட்டுக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மாலை 4 மணிக்குள் மேலே போய்விடுங்கள். பனிமூட்டம் இறங்கினால் அடுத்த வளைவே தெரியாது. ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள்.