தோட்டத்துப் பிள்ளை முதலாம் ஆண்டில் தடுமாறாமல் இருக்க ஊர் செய்ய வேண்டியவை

பள்ளி திறக்கும் மாதத்தில் புத்தகப்பை கொடுத்துப் படம் எடுப்பதோடு மலேசியத் தோட்டப்புற ஊர்கள் பலவற்றில் வேலை முடிந்துவிடுகிறது. அரசின் பள்ளித் தொடக்க உதவி 150 ரிங்கிட் 2023 முதல் வருமானம் பார்க்காமலே கிடைக்கிறது; பைக்கு அது போதும். உங்கள் பணமும் ஆள்பலமும் அதற்கு இரண்டு வருடம் முன்னால் தேவை. பள்ளி, பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், தோட்ட அலுவலகம் நான்கும் பிள்ளைக்கு நான்கு வயதாகும்போதே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

முதலில் பெயர்ப்பட்டியல். கிராணியின் (தோட்ட அலுவலக எழுத்தரின்) பதிவை மட்டும் நம்பினால் குத்தகை வேலைக்கு வந்த குடும்பமும் பாட்டி வீட்டில் வளரும் பிள்ளையும் விட்டுப்போகும். லயம் லயமாக (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஏறி இறங்குங்கள். பிறப்புப் பத்திரம், மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை), தடுப்பூசிப் புத்தகம் மூன்றையும் கண்ணால் பார்த்தபின் குறியுங்கள். "எல்லாம் இருக்கு" என்பது கணக்கில் சேராது.

பத்திரம் இல்லாத பிள்ளைக்குத்தான் அலைச்சல் அதிகம். தீபகற்ப மலேசியாவில், பிறந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். தாண்டினால் விசாரணை, மாதக்கணக்கில் இழுக்கும். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டு, திருமணத்தைப் பதியாமல் இருந்தால் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான். தாய் வெளிநாட்டவர் என்றால் சிக்கல் பெரிது, உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். பலர் பதிவு இலாகாவுக்குப் போகாமல் தள்ளிப்போடுவது ஒருநாள் கூலி போகுமே என்றுதான். அந்தக் கூலியைச் சங்கம் கொடுத்து, விவரம் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்பட்டும்.

கல்வி அமைச்சின் பாலர் வகுப்பில் 25 பேருக்குத்தான் இடம். வசதி குறைந்தோருக்கு முன்னுரிமை உண்டு. இடம் நிரம்பினால் கெமாஸ் (அரசின் சமூக மேம்பாட்டு இலாகா) பாலர் பள்ளியைக் கேளுங்கள். அங்கே மலாய்மொழியில் நடக்கும் என்பதால் தமிழை மாலையில் ஈடுகட்ட வேண்டும்.

சேர்த்தாயிற்று, பிள்ளை வருவதில்லை. காரணம் எளிது: பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய்விடுகிறார்கள். வேன் வையுங்கள், ஆனால் முழுக்க இலவசமாக வேண்டாம். பாதிக் கட்டணமாவது குடும்பம் கட்டினால்தான் வராத நாளில் முன்கூட்டியே சொல்வார்கள். ஏறாத பிள்ளையின் பெயரை ஓட்டுநர் எட்டரை மணிக்குள் ஒரே ஒருவருக்கு அனுப்பட்டும். அவர் அன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். சப்பாத்து நனைந்திருக்கும், தம்பிக்குக் காய்ச்சலாக இருக்கும். ஒரு வாரம் கழித்துப் போனால் பிள்ளை பள்ளியை மறந்திருக்கும்.

மாலை வகுப்புக்குக் கோயில் மண்டபம் போதும். வாரம் இரண்டு நாள், 40 நிமிடம், ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். பத்து நிமிடம் கதை வாசியுங்கள், பிள்ளைகள் படத்தைத் தொட்டுக் காட்டட்டும். 247 எழுத்தையும் வரிசையாக எழுதவைப்பதுதான் வழக்கமான தவறு. கை வலித்து மூன்றாம் வாரம் நின்றுவிடுவார்கள். படம், மரம், பழம் என்று காலும் கொம்பும் இல்லாத சொற்களில் தொடங்குங்கள். மலாயில் முதல் வாக்கியம் "சிக்கு, சாயா மாவு கெ தண்டாஸ்" ஆக இருக்கட்டும். கழிவறைக்குப் போகக் கேட்கத் தெரியாமல் வகுப்பில் நனைத்துக்கொண்ட பிள்ளை மறுநாள் வர மறுக்கும்.

கறுப்புச் சப்பாத்துக்குக் காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து, விரல் அகலம் கூட்டி, பள்ளி திறக்குமுன் கடைசி மாதத்தில் வாங்குங்கள். பள்ளி திறந்ததும் சத்துணவுத் திட்டப் படிவத்தைப் பெற்றோர் நிரப்பினார்களா என்று பாருங்கள். எழுதத் தெரியாதவர் வெட்கப்பட்டுப் பையிலேயே வைத்துவிடுவார். ஆறாவது வாரம் ஆசிரியரிடம் இரண்டு கேள்வி: யார் அடிக்கடி வரவில்லை, யார் பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்கள். இரண்டாவது பட்டியலில் உள்ளவர்களை அந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.