மேலே ஒரு புள்ளடி, பிறகுதான் கீழே: வாக்குச்சீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாராளுமன்றத் தேர்தலில் வாக்கெண்ணும் மேசையில் இருந்த ஓர் இரவில் பார்த்த ஒரு சீட்டு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சீட்டின் கீழ்ப்பகுதியில் 2, 3, 6 என்ற மூன்று இலக்கங்களில் மூன்று புள்ளடிகள் (X அடையாளம்). ஒன்றும் கோட்டில் முட்டவில்லை. நிதானமாக, கை நடுங்காமல் போட்டவை. மேற்பகுதியோ வெறுமை. எந்தக் கட்சிக்கு எதிரேயும் ஒரு கீறல்கூட இல்லை. மேசையைச் சுற்றி நின்ற முகவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் வாதாடவில்லை. அந்தச் சீட்டு நிராகரிக்கப்பட்ட கட்டுக்குள் போனது.

அதைப் போட்டவர் வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, விரலில் மை பூசி, மூன்று பேரைத் தேடி எடுத்து வாக்களித்தவர். தன் வாக்கு எண்ணப்படவேயில்லை என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் என்னை எழுத வைக்கிறது.

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை முழுக்க நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 667,240. அதற்கு இரண்டு மாதம் முன்னர், செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் 300,300 தான். அதே மக்கள்தான் இரண்டிலும் வாக்களித்தார்கள். பாராளுமன்றத் தேர்தலுக்கு வந்தவர்களோ குறைவு. அப்படியிருந்தும் பழுதான சீட்டு இரட்டிப்பானது. சீட்டு சிக்கலானது என்பதுதான் முதற் காரணம். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலையும் சேர்த்துப் பாருங்கள். எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், மூன்று விதமாக அடையாளமிடல். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதலாம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதன் பிறகு அந்தக் கட்சிக்குள் விரும்பும் ஆட்களுக்கு விருப்பு வாக்காகப் புள்ளடிகள். உள்ளூராட்சியில் ஒரேயொரு புள்ளடியோடு வேலை முடிந்தது. படித்தவர்களே குழம்புகிறார்கள் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் குழப்பத்தோடு வாக்குச்சாவடிக்குப் போகக்கூடாது.

சரி, முதல் தவறு மேலே சொன்னதுதான். பாராளுமன்ற வாக்குச்சீட்டின் மேற்பகுதியில் கட்சிகள், சுயேச்சைக் குழுக்களின் பெயரும் சின்னமும் இருக்கும். கீழ்ப்பகுதியில் வேட்பாளர்களின் பெயர் இருக்காது. வெறும் இலக்கங்கள்தான். மேலே போடுகிற புள்ளடிதான் உங்கள் வாக்கு. கீழே போடுவது, நீங்கள் தெரிவு செய்த கட்சிக்குள்ளே யார் போகவேண்டும் என்று சொல்வது மட்டும். மேலே இல்லையென்றால் கீழே இருப்பதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கட்சி வேண்டாம் மாஸ்டர், ஆளுக்கு மட்டும் போட்டாக் காணும்தானே?" காணாது. கட்சியைப் பிடிக்காவிட்டாலும், உங்களுக்குப் பிடித்த ஆள் நிற்கும் கட்சிக்கு மேலே புள்ளடி போட்டால்தான் அந்த ஆளுக்கும் உங்கள் வாக்கு சேரும்.

இதிலிருந்து பிறக்கும் இன்னொரு தவறு இதைவிட மோசம், ஏனென்றால் சீட்டு நிராகரிக்கப்படாமலே வாக்கு ஆள் மாறிப் போய்விடும். எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்கு 4 ஆசனம். ஒவ்வொரு பட்டியலிலும் அதைவிட 3 பேர் கூட, அதாவது 7 பேர் நிற்பார்கள். எல்லாக் கட்சிக்கும் அதே 1 முதல் 7 வரையான இலக்கங்கள்தான். ஒரு கட்சியில் 4ஆம் இலக்கம் உங்கள் ஊர்ப் பிள்ளை. ஆனால் நீங்கள் மேலே புள்ளடி போட்டது வேறொரு கட்சிக்கு. கீழே 4இல் போட்ட புள்ளடி ஊர்ப் பிள்ளைக்குப் போகாது. மேலே போட்ட கட்சியின் 4ஆம் இலக்கக்காரருக்குப் போகும். அவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். "கட்சி இது, ஆள் அதில்" என்று இரண்டு தோணியில் கால் வைக்க இந்தச் சீட்டில் வழியில்லை.

விருப்பு வாக்கு மூன்றுக்கு மேல் போட்டால் என்ன ஆகும் என்று பலர் கேட்பார்கள். கட்சி வாக்கு செல்லும், விருப்பு வாக்குகள் ஒன்றும் எண்ணப்படமாட்டா. ஒன்றோ இரண்டோ போடலாம், போடாமலும் விடலாம். மேலே இரண்டு கட்சிக்குப் போட்டால் முழுச் சீட்டும் போச்சு. இரண்டு கட்சிக்கும் நடுவே உள்ள கோட்டில் புள்ளடி விழுந்தாலும் அதே கதிதான். யாருக்கு என்று தீர்மானிக்க முடியாத வாக்கை ஒருவர் பக்கமும் போட முடியாது. பெயர், கையெழுத்து, திட்டு, வாழ்த்து எதையும் எழுதவேண்டாம். போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் சீட்டு செல்லாது.

பிழையாகப் போட்டுவிட்டது அங்கேயே தெரிந்தால் பெட்டிக்குள் போடாதீர்கள். வெட்டித் திருத்தவும் வேண்டாம். சீட்டைத் திருப்பிக் கொடுத்து, பழுதாகிவிட்டது என்று சொன்னால் வேறு சீட்டுத் தரச் சட்டத்தில் இடமுண்டு. வயதானவர்கள் வெட்கத்தில் வாய் திறக்காமல் பழுதான சீட்டையே மடித்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். வாக்களிப்பு நிலையத்தில் இருக்கும் அலுவலர்கள் உங்கள் வாக்கைக் காப்பாற்றத்தான் இருக்கிறார்கள். கேளுங்கள்.

"ஒரு சீட்டால் என்ன வந்துவிடும்?" என்று நினைப்பதுதான் நம் மாவட்டத்தில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 4 ஆசனம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பாருங்கள். மாவட்டத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஓர் ஆசனம் போனஸாகப் போகும். மிச்சம் 3. மாவட்ட வாக்கில் 5 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களின் வாக்கைக் கழித்துவிட்டு, மீதியை 3ஆல் பிரிப்பார்கள். வரும் எண் எத்தனை தடவை ஒரு கட்சியின் வாக்குக்குள் அடங்குகிறதோ அத்தனை ஆசனம். அதற்குப் பிறகும் ஆசனம் எஞ்சினால், மிச்ச வாக்கு யாரிடம் அதிகமோ அவருக்கு.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. செல்லுபடியான வாக்கு 180,000. முதற் கட்சி 80,000, இரண்டாம் கட்சி 55,000, மூன்றாம் கட்சி 45,000. 180,000ஐ 3ஆல் பிரித்தால் 60,000. முதற் கட்சிக்குப் போனஸ் ஒன்று, 60,000க்கு இன்னொன்று, மிச்சம் 20,000. மற்ற இருவரும் 60,000ஐத் தொடவில்லை. ஆனால் மிச்ச வாக்கில் 55,000மும் 45,000மும் முன்னிற்கின்றன. ஆகவே 2, 1, 1.

இப்போது மூன்றாம் கட்சியின் அதே 45,000 பேர் மூன்று சின்னமாகப் பிரிந்து 19,000, 18,000, 8,000 என்று வாக்களித்தால்? 8,000 என்பது 5 சதவீதத்துக்குக் கீழ், கழிந்துவிடும். மீதி 172,000ஐ 3ஆல் பிரித்தால் ஏறத்தாழ 57,333. முதற் கட்சிக்குப் போனஸ், ஒரு முழு ஆசனம், மிச்சம் ஏறத்தாழ 22,667. அது 19,000ஐ விடப் பெரிது. முடிவு 3, 1. மூன்றாம் தரப்பில் 45,000 பேர் வாக்களித்தும் அவர்களுக்கு ஒருவரும் இல்லை. ஒரு வாக்காளரும் மனம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். சின்னம்தான் பிரிந்தது.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாக வாழும் மாவட்டம் இது. எந்தச் சமூகத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 2020இல் ஐக்கிய மக்கள் சக்திக்கு 2, பொதுஜன பெரமுனவுக்கு 1, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 1. 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு 2, ஐக்கிய மக்கள் சக்திக்கு 1, இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 1. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சுயேச்சைக் குழு ஒன்றில் நிற்கும் நல்ல மனிதருக்குப் போடுமுன், அந்தக் குழு 5 சதவீதத்தைத் தாண்டுமா, மிச்ச வாக்கில் நிற்குமா என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள். ஆள் எவ்வளவு விருப்பு வாக்கு எடுத்தாலும் பட்டியலுக்கு ஆசனம் இல்லையென்றால் அவருக்கும் இல்லை.

தோற்கப்போகிறவருக்கு விருப்பு வாக்குப் போடுவது வீண் என்ற பேச்சும் சரியல்ல. எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் இரா. சம்பந்தன் 2024 ஜூன் 30 அன்று காலமானபோது இடைத்தேர்தல் வைக்கவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் 2020 பட்டியலில் அவருக்கு அடுத்து விருப்பு வாக்கு எடுத்திருந்த சண்முகம் குகதாசன் அந்த ஆசனத்துக்கு வந்தார். நான்கு வருடத்துக்கு முன் போட்ட புள்ளடி அன்றைக்கு வேலை செய்தது.

மூதூர்க்காரர், சேருவிலக்காரர், பட்டினத்துக்காரர் என்று ஆக்கள் இன்னும் "எங்கள் தொகுதி எம்.பி." என்று பேசுகிறார்கள். தொகுதிவாரித் தேர்தல் 1977ஓடு முடிந்துவிட்டது. 1989இலிருந்து முழு மாவட்டமும் ஒரே களம். வெருகலில் விழுகிற வாக்கும் குச்சவெளியில் விழுகிற வாக்கும் ஒரே கணக்குக்குள்தான் போகின்றன.

கிழக்கு மாகாண சபையைப் பற்றியும் கேட்கிறார்கள். அதன் கடைசித் தேர்தல் 2012 செப்டெம்பர் 8 அன்று நடந்தது, பதவிக்காலம் 2017இல் முடிந்தது. அந்த ஆண்டே தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் வந்தது, எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் ஏற்கவில்லை, அதோடு எல்லாம் நின்றுபோனது. அடுத்த மாகாணத் தேர்தலின் சீட்டு 2012இல் இருந்த மாதிரியே இருக்கும் என்று எண்ணி யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். எந்த முறையில் வைக்கிறார்கள் என்று தேர்தல் ஆணைக்குழு அறிவித்த பிறகு பழகிக்கொள்ளலாம்.

அப்புறம் சாவடிக்குப் போகுமுன் நடக்கும் தவறுகள். வாக்காளர் அட்டை வந்திருக்கிறது என்று அதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டை இல்லாவிட்டாலும் வாக்காளர் இடாப்பில் (பெயர்ப் பட்டியலில்) பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். ஆனால் அடையாளத்தை உறுதிப்படுத்தாமல் முடியாது. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை போன்றவற்றில் ஒன்று வேண்டும். ஒன்றுமே இல்லாதவர்கள் கிராம உத்தியோகத்தர் மூலம் தற்காலிக அடையாள அட்டைக்கு நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். முதல் நாள் இரவு தேடினால் கிடைக்காது.

இடாப்பில் பெயர் இருக்கிறதா என்பதைத் தேர்தல் அறிவித்த பிறகு பார்ப்பது பிந்திய வேலை. இடாப்பு வருடாவருடம் திருத்தப்படுகிறது. அந்த நேரத்தில் கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பார்க்கவேண்டும். சம்பூர் ஆக்கள் 2006இல் போரால் இடம்பெயர்ந்து கிளிவெட்டியில் வருடக்கணக்காக முகாமில் இருந்து திரும்பியவர்கள். முகவரி மாறி மாறி வாழ்ந்த குடும்பங்களில் ஒருவரின் பெயர் ஒரு பிரிவிலும் மற்றவரின் பெயர் வேறொரு பிரிவிலும் கிடப்பது புதினமல்ல. கட்டாரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் 2024இலும் அங்கிருந்து வாக்களிக்க முடியவில்லை.

தபால் வாக்குப் போடும் அரச ஊழியர்கள், எங்களைப் போன்ற ஆசிரியர்கள் உட்பட, செய்யும் பிழை வேறு. புள்ளடி சரியாக இருக்கும். அடையாளத்தை உறுதிப்படுத்தும் பத்திரத்தில் அத்தாட்சி அலுவலரின் கையொப்பம் விடுபட்டிருக்கும். அந்த உறைக்குள் இருக்கும் சீட்டு எண்ணுகிற கட்டத்துக்கே வராது. கைத்தொலைபேசியால் சீட்டைப் படம் எடுப்பதும் குற்றம், தபாலிலும் சாவடியிலும். நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020இல் மாலை 5 மணிவரை இருந்தது, 2024இல் 4 மணியோடு மூடினார்கள். பழைய நினைப்பில் நாலரைக்குப் போனவர்கள் திரும்பினார்கள்.

2024 தேர்தலுக்கு முதல் நாள் இரவு என் அம்மாவுக்கு, விறாந்தையில் வைத்து, கொப்பித் தாளில் ஒரு சீட்டு வரைந்து கொடுத்தேன். மேலே ஐந்து பெட்டி, கீழே ஏழு இலக்கம். சின்னத்துக்குப் பதிலாக மாங்காய், குடம், மணி என்று கீறினேன். முதல் தாளில் அம்மா நேரே கீழே போய் 5இல் போட்டார். "மேலே எங்க அம்மா?" என்றேன். இரண்டாம் தாளில் மேலே 1 என்று எழுதினார், ஜனாதிபதித் தேர்தல் நினைப்பு. மூன்றாம் தாளில் பேனையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு குடத்துக்கு எதிரே ஒரு புள்ளடி போட்டார். அதற்குப் பிறகுதான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீழே பார்த்தார்.