டாக்டரைப் பார்க்கும் முன் மூன்று நாள் மூத்திரக் கணக்கு: நோட்டு போடுவது எப்படி?

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்ன லேபில் நான் வேலை பார்க்கிறேன். மூத்திர டப்பாவை நீட்டும்போதே கேள்வியும் வந்துவிடும். "சிஸ்டர், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன், புராஸ்டேட்டா?" (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி அது.) "அடிக்கடி ஒன்னுக்கு வருது, சுகரா?" "எரியுது, சூடு பிடிச்சிருக்கா?" இதற்கெல்லாம் டாக்டர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை தடவை, எவ்வளவு? அங்கே பெரும்பாலும் பதில் இருக்காது. அந்தப் பதிலை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது எப்படி என்று சொல்கிறேன். செலவு ஒன்றும் இல்லை.

முதலில் அளவுக் குவளை

பழைய பிளாஸ்டிக் மக் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். குழந்தைகளின் பால் புட்டியில் மில்லிக் கோடு இருக்கும். அதில் 100 மில்லி தண்ணீர் பிடித்து மக்கில் ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் நகப்பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். இப்படியே 500 வரை போதும். மார்க்கர் பேனாவில் போட்டால் இரண்டாவது கழுவலிலேயே அழிந்துவிடும், நகப்பாலிஷ் நிற்கும். வீட்டில் குடிக்கும் டம்ளர் எத்தனை மில்லி பிடிக்கிறது என்பதையும் இதே மக்கில் ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம் நோட்டு

ஒரு பக்கத்தில் ஐந்து கட்டம்: நேரம், குடித்தது, போனது, அவசரம், குறிப்பு. அடக்க முடியாமல் ஓடினீர்களா, துணியில் கசிந்ததா என்பதை அவசரக் கட்டத்தில் எழுதுங்கள். எரிச்சல், தும்மும்போது ஒழுகுவது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பதெல்லாம் குறிப்பில். டீ, மோர், கஞ்சி, இளநீர் எல்லாமே குடித்ததில் சேரும். கஞ்சியைச் சாப்பாடு என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

மூன்று நாள் எழுதினால் போதும், அடுத்தடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் நாள் ஒன்றாவது இருக்கட்டும். கணக்குக்காகப் பழக்கத்தை மாற்றாதீர்கள். எப்போதும் குடிப்பதையே குடியுங்கள்.

எல்லாரும் தடுமாறும் இடம் விடிகாலை. தூங்கி எழுந்ததும் போகும் முதல் மூத்திரம் முந்தைய ராத்திரியின் கணக்கு. அதனால் முதல் நாள் காலையில் எழுந்ததும் போவதை அளக்க வேண்டாம், அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்குங்கள். மறுநாள் காலை எழுந்ததும் போவதைச் சேர்த்து அந்த நாளை முடியுங்கள். இது மாறினால் ராத்திரிக் கணக்கே தப்பாகிவிடும்.

கணக்கு என்ன சொல்லும்?

பெரியவர்களுக்கு ஒரு நாளில் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை போவது சாதாரணம். பகலில் ஆறேழு தடவை, ராத்திரி ஒரு தடவை எழுந்தாலும் கவலைப்பட வேண்டாம். மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினால், நிறையத் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், சுகரும் பார்த்துவிடுங்கள். மொத்தம் சரியாக இருந்து, ஒவ்வொரு தடவையும் 100 மில்லிக்குக் கீழே அவசரமாகப் போனால், டாக்டரின் கவனம் மூத்திரப்பைக்கும், ஆண்களாக இருந்தால் புராஸ்டேட்டுக்கும் திரும்பும்.

ராத்திரி மட்டும் நிறையப் போவது வேறு கதை. என் பெரியப்பாவுக்கு 68 வயது. நாலு தடவை எழுந்தார். புராஸ்டேட் என்று வீட்டில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டோம். நோட்டு போட்டபோது பகல் முழுக்க 650 மில்லி. ராத்திரி 280, 250, 220, 200, எழுந்ததும் 250, ஆக 1200. அவர் வயதில் நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போனாலே அதிகம். இவருக்குப் பாதிக்கும் மேல். டாக்டர் நோட்டைப் பார்த்ததும் வேட்டியை ஏற்றிக் கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்றார். பெரியப்பா சாப்பிட்ட அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்குக் காலில் நீர் வைக்கும். அதை மாற்றிக் கொடுத்தார். ராத்திரிக் கஞ்சியை ஏழு மணிக்குள் குடிக்கச் சொன்னார். இப்போது ஒரு தடவைதான் எழுகிறார். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், நோட்டைக் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கம் காட்டு வேலைக்கு, அதாவது வயல் வேலைக்குப் போகிற அக்காமார்களின் நோட்டு. காலை 7 மணிக்கு ஒன்று, அடுத்தது சாயங்காலம் 5 மணிக்கு. நடுவில் குடித்தது ஒரு டம்ளர். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை. பாலக்காட்டு மார்ச் வெயிலில் இப்படி இருந்தால் மூத்திரம் மஞ்சளாகக் கெட்டியாகி எரியும், கல்லும் சேரும், அடக்கி அடக்கிக் கிருமியும் தங்கும். ஏற்கெனவே கல் வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் மூத்திரம் போக வேண்டும். இதை வேலை கொடுப்பவர்களும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எரிச்சல் இருந்தால் சாம்பிள்

ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே சாம்பிள் கொடுங்கள். இரண்டு மாத்திரை போட்டுவிட்டு வந்தால் கல்ச்சரில், அதாவது மூத்திரத்தில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வளராமல் போகலாம். வெறும் தண்ணீரில் கழுவி, முதலில் வருவதைக் கழிவறையில் விட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடியுங்கள். டப்பாவின் உள்பக்கம் விரல் படக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

மலையாள நர்ஸ் "மூத்ரத்தில் பழுப்பு" என்றால் பழுப்பு நிறம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் மொழியில் பழுப்பு என்றால் சீழ், அதாவது கிருமித் தொற்று. நிறம்தானே என்று சும்மா இருந்து, காய்ச்சல் வந்த பிறகு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டை மூடிவிட்டு ஓட வேண்டியவை

குளிர்காய்ச்சலோடு விலாப்பக்க வலி. அடிவயிறு வீங்கி ஒரு சொட்டும் போகாமல் அடைப்பது. கர்ப்பிணிக்கு எரிச்சல். பையனுக்குத் திடீரென்று விதையில் கடும் வலி: விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கும் பையன்களிடம் நீங்களே கேளுங்கள். மூத்திரத்தில் ரத்தம் ஒரே ஒரு தடவை வந்தாலும், வலியே இல்லாவிட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்கும், ஆனால் ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

கையோடு கொண்டுபோக

இங்கே பாதிப் பேர் பாலக்காட்டில் ஒரு டாக்டரையும் பொள்ளாச்சியில் ஒரு டாக்டரையும் பார்ப்பார்கள். இரண்டு பக்க மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு நோட்டோடு எடுத்துப் போங்கள். கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையையும் மறக்காமல் சேருங்கள், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு அதுவே மூத்திரத்தை அடைத்துவிடக்கூடும்.